மாற்றி எழுதிய காட்சி

பாக்யலட்சுமியின் கணவன் முத்துவேலை அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி அடித்துப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. செங்கல் சூளையில் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். குடிப்பழக்கம் இல்லாதவன். ஆனால் லாரிக்காரர்கள் தரப்பில், குடித்துவிட்டுக் குறுக்கே விழுந்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலும் அந்தப் பேச்சு கொஞ்ச நாள் ஓடியது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதை மறுத்துச் சொல்லியே அவளுக்கு முதல் வருடம் கழிந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து வருடம் கழித்துக் கிடைத்ததுதான் நாடக வகுப்பு வேலை. திருச்சித் தொண்டு நிறுவனம் ஒன்று, படிப்பை விட்டுவிட்டுச் சும்மா திரியும் பிள்ளைகளுக்காக, சனி ஞாயிறுகளில் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் அதை நடத்தியது. பயிற்சியாளர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் பாக்யலட்சுமிதான் எல்லாம். முதல் வாரம் ஐந்து பேர் வந்தார்கள். ஆறு மாதத்தில் பதினெட்டு பேர் ஆனார்கள்.

அதில் தேவயானி என்ற பெண்ணுக்குப் பதினேழு வயது. பத்தாவதோடு நின்றவள். ஆண்டுவிழாவுக்கு என்ன நாடகம் போடலாம் என்று கேட்டபோது, "லாரியப் பத்திப் போடுவோங்கா. நம்மூர்ல அதுல அடிபட்டு ஆள் போவாத தெரு இருக்கா?" என்றாள். மறுவாரமே நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். செத்தவனின் மனைவியாகவும் அவளே நடித்தாள். அந்த மனைவி அழாமல், சாலையோரப் புல்லை விலக்கி விலக்கிப் புருஷனின் ஒற்றைச் செருப்பைத் தேடுவாள்.

பாக்யலட்சுமி ஒத்திகையை நிறுத்தினாள். முத்துவேல் அடிபட்டுக் கிடந்த அன்றைக்கு அவள் செய்தது அதுதான். இந்தப் பெண் அப்போது பதினோரு வயதுப் பிள்ளையாகக் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

"செருப்பு தேடுறத எடுத்துடவாக்கா?" என்றாள் தேவயானி.

"வேணாம். இருக்கட்டும்."

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது நிறுவனத்தின் செந்தில்குமார் வந்தார். மேடையும் மைக்செட்டும் தருவது ஊரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வைத்திருக்கும் ஓனர். அவர்தான் தலைமை விருந்தினர்.

"கதைய ஒண்ணும் பண்ண வேணாம்மா. செத்துப்போற ஆளு குடிச்சிட்டு வண்டி ஓட்டுனான்னு ஒரு சீன் மட்டும் சேத்துடுங்க. குடிக்கு எதிரான நாடகமாயிடும். செருப்பு தேடுறது வேணாம்."

"குடிக்காதவங்களும்தான் சார் செத்திருக்காங்க."

"தெரியும்மா. அவரு பின்வாங்கிட்டாருன்னா விழா இல்ல. விழா இல்லாட்டி வகுப்பு தொடருமான்னு நான் சொல்ல முடியாது."

அவள் பிள்ளைகளை நினைத்துத்தான் சரி என்றாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிள்ளைகளிடம் சொன்னாள். தேவயானி மட்டும் கேட்டாள்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"அப்பறம்?"

பாக்யலட்சுமி நோட்டை வாங்கி, செருப்பு தேடும் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தாள்.

விழாவில் தேவயானி ஒரு வசனம்கூடப் பிசகாமல் நடித்தாள். 'குடிச்சிட்டுப் போவாதன்னு சொன்னேனே' என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டம் கை தட்டியது. லாரி ஓனர் மேடையேறி, இளைஞர்களைத் திருத்தும் நல்ல காரியம் என்று பேசி, பாக்யலட்சுமிக்குச் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் சின்னப்பிள்ளை விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளும் நாடகம் பார்க்க வந்திருந்தாள்.

"எம்மவன் குடிச்சிட்டுத்தான் செத்தான்னு அவனுங்க சொன்னப்ப, ஊரு முழுக்கச் சண்டை போட்டவ நீ. இன்னைக்கு நீயே மேடை போட்டுச் சொல்லிட்டியேடி."

"அது வேற ஆளு கதை, அத்தே."

"யாரு கதைன்னு எனக்குத் தெரியாதா?"

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு ஏழு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மூன்று பேர். கோபம் என்று யாரும் சொல்லவில்லை. தெருவில் பார்த்தால் "வரோங்கா" என்பார்கள். தேவயானி திருப்பூர் மில்லுக்குப் போகப்போவதாகத் தெரிந்து பாக்யலட்சுமி அவள் வீட்டுக்குப் போனாள். துணிப்பை கட்டி வைத்திருந்தது.

"ஒரே ஒரு தடவ, பஸ் ஸ்டாப்புல வச்சு, நீ எழுதுன மாதிரியே போட்டுடுவோம் தேவயானி. மேடை, மைக் எதுவும் வேணாம். ஆளுங்கள நான் கூட்டியாறேன்."

"மறந்துபோச்சுக்கா."

"நோட்டு எங்கிட்ட இருக்கு."

"இருக்கட்டுங்கா. வண்டி வந்துடும்." குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் பாக்யலட்சுமிக்குத் தாங்கவில்லை.

மில் வேன் வந்து, அவளோடு இன்னும் இரண்டு நாடகப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. மிச்சமிருந்தவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பையன் மட்டும் வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

மார்ச்சோடு வகுப்பை மூடிவிட்டார்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கை அட்டையில் அவள் சால்வையோடு நிற்கும் படம் வந்தது. பாக்யலட்சுமி இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறாள். மாமியார் சின்னப்பிள்ளை அதே வீட்டில் தனியாக உலை வைத்துக்கொள்கிறாள்.