பரவாயில்லை என்று எழுதிய கார்டுகள்

எனக்குச் சினிமாவைக் கேட்கத்தான் தெரியும். பார்த்தது இருபத்திரண்டு வயது வரைக்கும் ஒரே ஒரு படம், அதுவும் பாதி. சங்கரன்கோவிலில் நான் வாக்கப்பட்டுப் போன வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. அதில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பிக்கும், பிறகு முதல் ஆட்டம். புறவாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முழுப் படத்தையும் கேட்டுவிடுவேன். ஒரு ராஜா ராணிப் படம் பதினைந்து நாள் ஓடியது. பதினைந்து நாளும் கேட்டேன். அதில் ஒருத்தர் கணீரென்று, ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் பேசுவார். அவர்தான் கதாநாயகன் என்று நினைத்து, அவர் கத்திக்குத்து வாங்கிச் சாகிற இடம் வரும்போதெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், அவன்தான் வில்லனாம். மூக்கால் பேசின ஆள்தான் கதாநாயகனாம். முகம் பார்க்காமல் ஆளை எடைபோட்டால் இப்படித்தான்.

அந்தப் படத்தைப் பற்றிக் கொழும்புக்கு ஒரு கார்டு எழுதினேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலையாக இருந்தார். "இவ்விடம் யாவரும் க்ஷேமம். இப்பவும், பின்பக்கத்துக் கொட்டகையில் ஓடும் படத்தில் பாட்டு நல்லா இருக்கிறது. சண்டை நல்லா இருக்கிறது. இரண்டாவது பாதி பரவாயில்லை. நானும் பரவாயில்லை." இவ்வளவுதான் கார்டு.

கடைசி இரண்டு வாக்கியமும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்தது பதினெட்டு நாள். யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம் அது. மூன்றாம் நாள் என் மாமியார், அதாவது அத்தை, வைத்த புளிக்குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள். கரண்டியும் கையுமாக என் எதிரே வந்து நின்று, "எப்படிட்டி இருக்கு?" என்றாள். வந்து மூன்று நாள் ஆன மருமகள் என்ன சொல்ல முடியும்? "பரவாயில்லை, அத்தே" என்றேன். பக்கத்து இலையில் இவருக்குப் புரையேறிவிட்டது. அறைக்குள் வந்ததும் கேட்டார்.

"ஏட்டி, பரவாயில்லைன்னா என்ன அர்த்தம்?"

"வாயில வைக்க முடியலைன்னு அர்த்தம்."

சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அதுவே எங்களுக்கு விளையாட்டு. சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து ஏதாவது பொட்டலம் கொண்டுவருவார். நான் மென்று முடிப்பதற்குள் "எப்படி?" என்பார். காராச்சேவு: மிளகு ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டது, கடித்தால் நறுக்கென்று உடைகிறது, நல்லா இருக்கு. சுசியம்: மேல்மாவு தடிப்பு, உள்ளே பூரணம் ஊசிப்போனது, பரவாயில்லை. அந்தப் பாதிப் படத்துக்கும் அவர்தான் கூட்டிப் போனார். கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி, நடுவில் ஒரு ஓலைத் தட்டி. தட்டியின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக மணலில் உட்கார்ந்திருந்தோம். கதாநாயகி எட்டாவது பாட்டை எடுத்தபோது ஓலை இடுக்கு வழியாக "எப்படி?" என்று கேட்டது. "பரவாயில்லை" என்றேன். உடனே எழுந்து வெளியே போய் எனக்காக நின்றார். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து ஒரு ஆண்பிள்ளை எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை. அந்த மயக்கத்திலேயே நான் நாலு வருஷம் ஓட்டினேன்.

பத்தொன்பதாம் நாள் அவர் தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறிவிட்டார்.

மனசில் உள்ளதை நேராகவே கடிதத்தில் எழுதலாமே என்பீர்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, கையால் எழுதவும் கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். அதனால் விஷயத்தை நான் எழுதுவேன், விலாசத்தை மாமா, அதாவது என் மாமனார், எழுதுவார். எழுதுவதற்கு முன்னால் கார்டைத் திருப்பி ஒரு தடவை வாசிப்பார். அத்தைக்கு எழுத்துத் தெரியாது, ஆகவே அவளுக்காக இன்னொரு தடவை உரக்க வாசிப்பார். உறையில் போட்டு ஒட்டின கடிதம் கேட்டால், அப்படி என்னட்டி ரகசியம் என்று வரும். இந்த லட்சணத்தில் அத்தையைப் பற்றி நான் எங்கே எழுதுவது? ஆகவே படம், பாட்டு, பலகாரம் என்று எழுதினேன். நடுவில் பரவாயில்லையைச் செருகினேன்.

செருகாமல் எப்படி இருப்பேன்? இரண்டாம் வருஷமே அத்தை ஆரம்பித்துவிட்டாள். "வந்து இத்தனை நாளாச்சு, ஒரு புழு பூச்சி உண்டா?" என்று தெருவில் நின்று சொன்னாள். புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், பிள்ளை என்ன தபாலிலா வரும் என்று எனக்கு நாக்கின் நுனியில் நின்றது. விழுங்கிக்கொண்டேன். வளைகாப்பு வீடுகளில் என்னை வாசலுக்கு வரவிடாமல் அடுப்படியோடு நிறுத்தினாள். மூன்றாம் வருஷம், புளியங்குடியிலிருக்கும் தன் அண்ணன் மகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாள். அவளைத் தன் மகனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்க வேண்டும், பேரன் வேண்டும். அந்தக் காலத்தில் அதைத் தடுக்க ஒரு சட்டமும் எங்கள் பக்கம் இல்லை. அவர் வந்து என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனால் தப்பித்தேன். இல்லாவிட்டால் அந்த வீட்டில் என் காலம் முழுக்க அடுப்படிதான்.

அந்த வருஷம் ஆடித் தபசுக்கு மட்டும் என்னை வெளியே விட்டார்கள். கோமதி அம்மன் மண்டபத்தில் நின்று சுவாமிக்காகத் தவம் இருக்கிற நாள். நாதஸ்வரக்காரர் வயதானவர். மூச்சு நீளவில்லை, இரண்டு பிடி வாசிப்பதும் சீவாளியைத் துடைப்பதுமாக இருந்தார். தவில்காரர் இளவட்டம், கிழவரை எழும்பவே விடாமல் அடித்து நொறுக்கினார். ஆனால் சுவாமி தூரத்தில் வருவது தெரிந்ததும் கிழவர் ஒரு மெல்லிய இழுப்பு இழுத்தார் பாருங்கள், நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அம்மனுக்குத் தவம் சாயங்காலத்தோடு முடிந்துபோகிறதே என்று பொறாமையாக இருந்தது. வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் சப்பரத்தின்மேல் பருத்தியும் வத்தலும் வாரி இறைத்தார்கள். வத்தல் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி, நான் நன்றாக அழுது தீர்த்தேன். திரும்பும்போது அத்தை திருவிழாக் கடையில் சீரணி மிட்டாய் வாங்கி, எனக்கும் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாள். கருப்பட்டிப் பாகு முற்றிக் கசந்துபோயிருந்தது. "மேளம் பரவாயில்லை. சீரணி பரவாயில்லை. நாட்கள் பரவாயில்லை" என்று கார்டு எழுதினேன். பதிலில் மாமாவுக்கு ஒரு பக்கம் இருந்தது. எனக்கு, "அவளையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று ஒரு வரி.

பங்குனியில் புளியங்குடிக்காரர்கள் பெரிய தூக்குவாளியில் அதிரசமும் முறுக்குமாக வந்தார்கள். பெண்ணும் வந்திருந்தது. பதினாறு வயது இருக்கும், என்னை அக்கா என்று கூப்பிட்டது. அவர்கள் போன மறுநாள் கொழும்பிலிருந்து கார்டு வந்தது. மாமா வாசித்தார். "அம்மா சொல்லும் விஷயத்தில் அவள் அபிப்பிராயம் தெரியாமல் நான் எதுவும் செய்யமாட்டேன். அவள் கையாலேயே எழுதி அனுப்பவும்."

எனக்கு உயிர் வந்தது. என்னைக் கேட்கிறார்! அன்றைக்குத் தட்டி இடுக்கு வழியாகக் கேட்ட அதே மனுஷன்தான் கேட்கிறார். மாமா ஒரு கார்டையும் பென்சிலையும் என் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடு, தாயி. மனசுல உள்ளதை எழுது."

அத்தை எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "எழுதுட்டி, பாப்பம்" என்றாள். அவளை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று எழுதினால் அந்தக் கார்டு தபால்பெட்டிக்கே போகாது. எனக்குத்தான் வேறு பாஷை இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு திமிர். எழுதினேன்: "புளியங்குடியிலிருந்து பலகாரம் வந்தது. முறுக்கு பரவாயில்லை. அதிரசம் பரவாயில்லை. பெண் பரவாயில்லை. நீங்கள் கேட்ட விஷயம் எனக்கு ரொம்பவும் பரவாயில்லை." உண்மையில் முறுக்கு அருமையான முறுக்கு. வெண்ணெய் மணம், வாயில் போட்டால் கரைந்தது. அந்தப் பெண்ணும் தங்கமான பெண்தான். ஆனாலும் அவருக்குச் சந்தேகமே வரக் கூடாது என்று நாலு தடவை எழுதினேன்.

மாமா வாசித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதியா?" என்றார். தலையை ஆட்டினேன். அத்தை எழுந்து வந்து முதல் தடவையாக என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

சித்திரையில் பதில் வந்தது. "அவள் முழுச் சம்மதம் தெரிவித்து எழுதியது கண்டு சந்தோஷம். ஆவணியில் வருகிறேன். முகூர்த்தம் பார்க்கவும்."

நான் புறவாசலுக்குப் போய் உட்கார்ந்தேன். மறந்துபோனார். நாலு வருஷமாகத் துணி கிழித்துக் கிழித்து, பதினெட்டு நாள் விளையாட்டை மறந்துபோனார். மறக்கிற மனுஷனிடம் விடுகதை போட்டது என் குற்றம் என்று என்னையே ஏசினேன். நேராக எழுதித் தொலைத்திருந்தால் என்ன? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாமாவின் மேஜையிலிருந்து ஒரு கார்டைத் திருடிக்கொண்டு வந்து, "வேண்டாம். என்னால் பொறுக்க முடியாது. வந்து என்னைக் கூட்டிப் போங்கள்" என்று எழுதினேன். இனி விலாசம். பழைய கார்டைப் பார்த்துக் கடையின் பெயர், தெரு எல்லாம் எழுதிவிட்டேன். அவர் பெயருக்கு விட்டிருந்த இடம் மட்டும் பாக்கி. முதல் எழுத்தைப் போட்டேன். கடல் நடுவில் கப்பல் கவிழ்ந்தால்? கடையில் பாம்பு பிடுங்கினால்? எச்சில் தொட்டு அந்த எழுத்தை அழித்தேன். மறுபடி போட்டேன், மறுபடி அழித்தேன். அட்டை அந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டது. அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். அவர் ஆயுசுக்கு நான் பயந்த லட்சணம் இது.

ஆவணியில் வந்தார். கொஞ்சம் சதை போட்டு, தலைமுடியைப் படிய வாரி. வந்த மூன்று நாளும் வீடு நிறைய ஆட்கள். காப்பியைக் கொண்டு வைக்கும் சாக்கில் நாலு தடவை பக்கத்தில் போனேன். நாலு தடவையும் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கல்யாணம் புளியங்குடியில், பெண் வீட்டில். மூத்தவள் சம்மதத்தோடு நடக்கிற கல்யாணம் என்று ஊர் பார்க்க வேண்டும் அல்லவா, அதனால் என்னைப் பட்டுச் சேலை கட்டச் சொல்லி முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். மேளம் கேட்டேன். தாலி ஏறுவதைப் பார்த்தேன். என்னையும் அட்சதை போடச் சொன்னார்கள், போட்டேன்.

பந்தியிலும் முதல் இலை எனக்குத்தான். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை ஒவ்வொரு இலையாக உபசரித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே அத்தை. என் இலைக்கு முன்னால் நின்றார். இறங்காத சோற்றை நான் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் லேசாகக் குனிந்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார், புளிக்குழம்பு வைத்த அன்றைக்கு அடக்கப் பார்த்த அதே சிரிப்பு. அத்தைக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"எப்படிட்டி? பரவாயில்லையோ?"

கண்ணையும் சிமிட்டினார்.

ஒன்றும் மறக்கவில்லை. சினிமாக் கார்டு, சீரணிக் கார்டு, நாலு தடவை எழுதின அந்தக் கார்டு, எல்லாமே அவருக்குப் புரிந்திருக்கிறது. கொழும்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாசித்துச் சிரித்துமிருப்பார். புரிந்துகொண்டேதான் முகூர்த்தம் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார். இந்த ஆளுக்கு ஆயுசு குறையுமே என்று பயந்து நான் அட்டையை ஓட்டையாக்கியிருக்கிறேன்.

"நல்லா இல்லை" என்றேன். பந்தி முழுக்கக் கேட்டது.

பாயச வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார். அத்தை முன்னால் வந்தாள். "என்னட்டி நல்லா இல்ல?"

"ஒண்ணுமே நல்லா இல்ல, அத்தே. சோறு நல்லா இல்ல, மேளம் நல்லா இல்ல, இவுக நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் பெயரையும் முழுசாகச் சொன்னேன்.

பந்தியில் யாரோ "ஐயோ" என்றார்கள். அவர் அதற்குப் பிறகு நாற்பது வருஷம் உயிரோடு இருந்தார். என்னை ஒரு நாளும் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.