வேலூர் வெயிலும் காகிதக் குழாயும்

இன்று காலை போளூரில் ஜமுனாமரத்தூர் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அட்டைப்பெட்டியோடு மல்லிகா ஏறி, பக்கத்தில் அமர்ந்தார்.

ஜவ்வாது மலையில் இவருடைய மகளிர் குழு தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து கால்வெடிப்புக் களிம்பு செய்கிறது. பிளாஸ்டிக் டப்பாவை விட்டுக் காகிதக் குழாய்க்கு அவர்கள் மாறியதைச் சென்ற ஆண்டு இதே நாளிதழில் பாராட்டி எழுதியவன் நான். அதைப் படித்துத்தான் வேலூர்க் கடை ஒன்று ஆர்டர் கொடுத்தது.

"வியாபாரம் எப்படிம்மா?" என்றேன்.

பெட்டியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு குழாயும் பஜ்ஜி மடித்த காகிதம்போல் எண்ணெயில் ஊறியிருந்தது.

"மலைக் குளிர்ல கல்லாட்டம் இருந்துச்சு சார். வேலூர் வெயில்ல உருகி வெளிய வந்துட்ச்சு. பிளாஸ்டிக்னா உருகினாலும் உள்ளயே கெடக்கும். கடைக்காரரு இனிமே வேணாம்னுட்டாரு."

"மறுபடியும் பிளாஸ்டிக்கா?"

"வேற இன்னா சார் பண்றது? மக்கிப்போவும்னு ஆசையா மாத்தினோம். விக்கறதுக்கு முன்னாடியே மக்கிடுச்சு." சிரித்தார். "வெயில் தாங்குமான்னு அன்னிக்கே உங்களக் கேட்டேனே. பேப்பர்ல அது மட்டும் வரலியே சார்."

உண்மை. அந்தக் கேள்வியை அன்றே குறித்துக்கொண்டேன். நல்ல செய்தி கெட்டுவிடும் என்று வெட்டியதும் நான்தான். அச்சாகியிருந்தால் விவரம் தெரிந்த யாராவது எச்சரித்திருப்பார்கள்.

"தப்பு என்னுதும்மா."

"விடுங்க சார். ரெண்டு எடுத்துக்குங்க, காலுக்கு ஆவும்."

நண்பர்களே, எண்ணெய் கசியாத, மண்ணில் மக்குகிற டப்பா எங்காவது உண்டா? "அதெல்லாம் சரிப்படாது" என்பவர்களும் எழுதுங்கள். இம்முறை எதையும் வெட்டமாட்டேன்.