பட்டுப்பாய்க்கு ஒரு குத்துச்சண்டை

எங்கள் வீட்டு மாடியில் பாங்கியில் வேலை பார்க்கிற இரண்டு பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். நேற்றுக் காலை பேப்பரை விரித்துவைத்து வாக்குவாதம். குண்டன், ஒல்லி என்று எடை பார்க்காமல் உலகத்துக் குத்துச்சண்டைக்காரர்களையெல்லாம் ஒரே வரிசையில் வைத்தால் முதலில் யார் என்று. "ஆனையும் ஆட்டுக்குட்டியும் எப்படிவே ஒரே வரிசை?" என்றது ஒரு பிள்ளை. நான் காப்பியைப் படியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். ஆண்பிள்ளைகள் பேச்சில் புகுந்து பழக்கமில்லை. ஆனால் அப்படி ஒப்பிட்டுப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் அப்பா.

அப்பாவுக்குப் பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலம். எடை என்று காதில் விழுந்தால் இன்றைக்கும் எனக்கு விளக்கெண்ணெய் வாடைதான் வரும். பெரிய தராசின் சங்கிலிக்கு அதைத்தான் தடவுவார்கள். ஊஞ்சல் பலகை மாதிரித் தட்டுகள். ஏறினால் அடி விழும், ஏறியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போச்சு, தராசு போகவில்லை.

அந்தக் கோடையில் தூத்துக்குடியிலிருந்து குத்துச்சண்டைக்காரர்கள் வந்து ஆற்று மணலில் கூடாரம் போட்டார்கள். உள்ளே பலகை மேடை. டிக்கெட்டு வாங்கிப் பார்க்கணும். கையில் சின்னத் தலையணை மாதிரி உறை. அவர்களில் முத்தையா வள்ளியூர்க்காரர். கூடாரத்துக்குள் அவர் வந்தால் வெளிச்சம் குறையும். அந்தோணி கடற்கரை ஆள், கப்பல்காரர்களிடம் தொழில் படித்தவர், வெண்டைக்காய் உடம்பு. இருவரும் அவரவர் எடைக்காரர்களோடுதான் மோதுவார்கள். அதனால் யார் பெரிய ஆள் என்று ஊரே இரண்டாகி, கிட்டங்கி வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்க்காமல் சண்டை போட்டார்கள்.

அப்பா வெளியே வந்து, "எதுக்குவே சத்தம்? ரெண்டு பேரையும் சம எடையாக்கி மோத விடுவோம். ஜெயிக்கவனுக்கு எங்க வீட்டுப் பட்டுப்பாய்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பாய் அக்கா கல்யாணத்துக்காகப் பத்தமடையில் சொல்லிவைத்துக் கோரையில் பட்டு மாதிரி நெய்தது. நடுவில் அக்கா பேரும் மாப்பிள்ளை பேரும் இருக்கும்.

"முத்தையா படுக்குத பாயில நம்ம பிள்ள பேரு கெடக்கவா? கூறு இருக்கா உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"சபையில சொல்லியாச்சு. வேற நெய்யச் சொல்லுவோம்."

"அதுவரைக்கும் முகூர்த்தம் காத்துக்கிட்டு நிக்குமோ?"

அக்கா அடுக்களையில் அழுதாள். புகை என்று சொன்னாள்.

சண்டை அன்றைக்குக் கிட்டங்கித் தராசில் ஒரு தட்டில் முத்தையா, மறு தட்டில் அந்தோணி. அந்தோணி மேலே போய்த் தொங்கினார். தட்டு சமமாகிற வரைக்கும் அப்பா ஒரு சாக்கில் பருத்திக்கொட்டை போட்டார். அந்தச் சாக்கை அந்தோணி வயிற்றில் கட்டிவிட்டார். பருத்தி வியாபாரிக்கு நியாயம் அவ்வளவுதான்.

"ஏலே அந்தோணி, எத்தன மாசம்லே?" என்று கூடாரம் கெக்கலித்தது. நாங்கள் பெண்டுகள் தட்டி மறைவில். சிரிக்கக் கூடாது என்று முந்தானையைக் கடித்துக்கொண்டோம். அம்மா மட்டும் மேடையோரம் விரித்திருந்த பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்தையா குத்தினார். கை சாக்கில் புதைந்தது. அந்தோணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நகரவும் முடியவில்லை. இன்னொரு குத்து. சாக்கு வாய் பிளந்தது. பருத்திக்கொட்டை பலகையெல்லாம் உருண்டது. மூன்றாவது குத்துக்குக் காலை எடுத்துவைத்த முத்தையா, வழுக்கி மல்லாக்க விழுந்தார். அந்தோணி அடிக்கவே இல்லை.

அப்பா மேடையில் ஏறி, "செல்லாது! கொட்ட சிந்திட்டு, எடை சமமில்ல. பெறக்கிப் போட்டு மறுபடி நிறுக்கணும்" என்றார். முத்தையாவோ, "இடுப்பு போச்சு அண்ணாச்சி, மொதல்ல என்னையப் பெறக்குங்க" என்று முனகினார். ஆறேழு பேர் பக்கத்தில் கிடந்த பாயிலேயே அவரை உருட்டித் தூக்கினார்கள். பட்டுப்பாய் தாங்குமா? நடுவில், சரியாக அக்கா பேருக்கும் மாப்பிள்ளை பேருக்கும் இடையில், கிழிந்தது. முத்தையா மறுபடி விழுந்தார்.

ஜெயித்தது அந்தோணிதான் என்று ஊர் முடிவு பண்ணிற்று. அவர் இரண்டு துண்டையும் அப்பாவிடமே நீட்டினார். "வேண்டாம் அண்ணாச்சி. வேற பொம்பள பேரு போட்ட பாயோட போனா எங்க வீட்டுக்காரி கதவு தெறக்க மாட்டா."

தட்டிக்குப் பின்னால் இருந்து அம்மா கைதான் முதலில் வந்தது, அப்புறம் ஆள். பாயை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டாள். இரண்டு துண்டையும் சேர்த்துத் துணி வைத்துத் தைத்தாள். கல்யாணத்தன்று அந்தத் தையலின் மேல்தான் அக்காவும் அத்தானும் உட்கார்ந்தார்கள். பின்னாளில் சண்டை வந்தால் அக்கா தையலைக் காட்டி, "அங்கன உங்க பக்கம், இங்கன என் பக்கம்" என்பாளாம்.

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். தராசு பழைய இரும்போடு போயிற்று. பாய் இற்றுப்போயிற்று. அத்தானுக்குப் பிறகு அக்காவும் போய்விட்டாள். அந்தச் சண்டையைப் பார்த்ததில் நான் ஒருத்திதான் மிச்சம். ஆகையால் வரிசை நான் போடலாம். முதலில் பருத்திக்கொட்டை. அடுத்தது அம்மா. அந்தோணியும் முத்தையாவும் அதற்குப் பிறகு எப்படியும் நின்றுகொள்ளட்டும்.