கிண்ணம் போன வழி

எங்கள் வீட்டில் செம்பில் வாய் வைத்து யாரும் குடிப்பதில்லை. அண்ணாந்து ஊற்றித்தான் குடிப்போம். எங்கள் வாய் பட்ட ஒரே பாத்திரம் எங்கள் வேதக்கோவிலில் திராட்சரசம் ஊற்றித் தரும் திருவிருந்துக் கிண்ணம். மாதத்தின் முதல் ஞாயிறு சபை மூப்பர் அதை ஆண்கள் பக்கம் கொண்டுவருவார், பிறகு பெண்கள் பக்கம் போவார். ஒருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து அடுத்தவரிடம் நீட்டுவார். அது கர்த்தருடைய கிண்ணம். அதில் எச்சில் உண்டு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்திருந்தது. வரப்பில் நின்ற ஒரு தென்னையால் எனக்கும் என் அண்ணனுக்கும் நான்கு மாதமாகப் பேச்சில்லை. போதகர் ஐயா எங்களைக் கூட்டிவைத்து ஜெபம் பண்ணி, வருகிற திருவிருந்தில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணம் எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். எடுக்காதவன் பகையோடு இருக்கிறான், இல்லையென்றால் சபை அவனைத் தள்ளிவைத்திருக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே பாதிப்பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். ஞாயிறு விடியும்போது எனக்குக் கண் எரிந்தது, முதுகெலும்பை உலக்கையால் இடித்தாற்போல் வலித்தது. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துக் கர்த்தர் தந்த பிள்ளை.

"இஞ்ச பாருங்க, மேலு அனலாட்டுல்லா கொதிக்குது. இன்னைக்குக் கோவிலுக்குப் போகாண்டாம்" என்றாள்.

"போகாட்டா அண்ணன் என்ன நெனைப்பான்? சபை என்ன நெனைக்கும்?"

"நெனச்சா நெனைக்கட்டு."

நான் கேட்கவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். துண்டுக்குள் இருமி இருமிப் பாட்டும் பாடினேன். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் நானும் அண்ணனும். நான் குடித்தேன், பிறகு அண்ணன் குடித்தான். வயிற்றுப் பாரத்தால் அவள் பெண்கள் பக்கம் வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். மூப்பர் அங்கிருந்து தொடங்கினார். அண்ணன் வாயிலிருந்து கிண்ணம் நேரே அவளிடம் போனது.

செவ்வாய்க்கிழமை அண்ணன் படுத்தான். மறுநாள் அவள். அதன் பிறகு வாசலோரத்துப் பெண்கள் ஒவ்வொருவராக. எனக்கும் அண்ணனுக்கும் ஐந்தாறு நாளில் காய்ச்சல் விட்டுப் பசி எடுத்தது. அவளுக்கு மட்டும் சளி நெஞ்சின் அடியில் இறங்கிவிட்டது. மூச்சு இழுக்கும்போது சோறு கொதிப்பதுபோல் ஒரு சத்தம். உதடு நாவல்பழ நிறமானது.

தக்கலையிலிருந்து டாக்டரை வண்டி வைத்துக் கூட்டிவந்தேன். இது இன்புளுவன்சா என்றார். இருமலிலும் எச்சிலிலும் மூச்சிலும் ஆள் மாறி ஆள் ஏறும், வயிற்றுப் பிள்ளைக்காரிகளை அதிகமாகப் போட்டு அடிக்கும் என்றார். முதலில் யாருக்கு வந்தது, அடுத்து யாருக்கு என்று கேட்டார். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில்தான் உறைத்தது. நான் கிண்ணம் போன வழியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டும் இருமலுமாக ஒரே கூரையின் கீழ் இருந்ததே போதும், கிண்ணத்தைமட்டும் குறை சொல்லமுடியாது என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். அந்த இருமலும் என்னுடையதுதான்.

அவள் படுத்த பதினோராம் நாள் பிள்ளை அசைவில்லாமல் பிறந்தது. ஆண்பிள்ளை. அவள் பிழைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தேவசித்தம் என்றார்கள். தேவன்மேல் பழியைப் போட்டுவிட்டுக் காப்பி குடித்தார்கள். நானும் தலையாட்டினேன். அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் நாங்கள் மறுபடியும் திருவிருந்துக்குப் போனோம். அவள் மெலிந்து அதே வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு, வேறொன்றும் இல்லை. மூப்பர் கிண்ணத்தை நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்ததும் அண்ணன் வழிமறித்தான். "ஏலே, இன்னும் அந்தத் தென்னைய மனசுல வச்சிருக்கியா?"

தொண்டை சரியில்லை என்றேன். அவன் நம்பாமல் சிரித்துவிட்டு நடந்தான். கிறிஸ்துமஸ் வரை எங்கள் வீட்டுப்படி மிதிக்கவில்லை. மூப்பர் இரண்டு தடவை வந்து விசாரித்தார். ஊரும் கொஞ்சநாள் பேசிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

இவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் அன்றைக்குக் காய்ச்சலோடு போனேன்.