ரஃபீக் அண்ணன் வருவதற்கு முன்

அந்தச் சனிக்கிழமை மதியம் வீட்டில் இருந்தது நான், என் மனைவி மலர், எங்கள் ஏழு மாதக் குழந்தை இனியா. வருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் வந்து சேராதவர் ரஃபீக் அண்ணன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் "வேற யாராவது வந்திருப்பாங்கப்பா" என்றுதான் முடிக்கிறார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மந்திரிக்க ஆள் கூட்டி வந்தபோது, அந்த ஆளையே வாசலில் நிறுத்தி வைரஸ் என்றால் என்ன என்று பாடம் எடுத்தவன். அப்படிப்பட்டவன்தான் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில் நாங்கள் வாங்கியது மாடி இல்லாத பழைய வீடு. அக்டோபர் மழையில் குழந்தை அறையின் சீலிங்கில், தொட்டிலுக்கு நேர் மேலே, உள்ளங்கை அளவு ஒரு பழுப்புக் கறை வந்தது. பனி விழ ஆரம்பித்துவிட்டால் கூரையில் யாரும் ஏற மாட்டார்கள், உருகுகிற தண்ணீரெல்லாம் உள்ளேதான் இறங்கும், கூரை வேலை செய்கிற ரூஃபர்களைக் கூப்பிட்டாலோ நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடியட்டும் என்கிறார்கள். ரஃபீக் அண்ணன் கீழக்கரைக்காரர், நாலு தெரு தள்ளி இருக்கிறார், வீட்டு வேலை எதற்கும் ஆள் கூப்பிடாதவர். "முதல்ல ஓட்டை எங்கனு பாப்போம் தம்பி. நான் ஏணியோட வந்து மேல ஏறி ஹோஸ்ல தண்ணி அடிக்கிறேன், நீங்க அட்டிக்ல டார்ச்சோட உக்காந்து எங்க சொட்டுதுனு பாருங்க" என்றார்.

சொன்ன நேரம் தாண்டிப் போயிற்று. "உங்க அண்ணன் வர்றதுக்குள்ள ஸ்னோவே வந்துரும். நீங்க ஏறுங்க, நான் கீழ இருந்தே அடிக்கிறேன்" என்று மலர் ஹோஸை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். இனியா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அட்டிக்கில் ஏறினேன்.

அட்டிக் என்றால் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, நிமிர்ந்து நிற்க முடியாது, மரச்சட்டங்களின் மேல் மட்டும்தான் கால் வைக்க வேண்டும், தவறி நடுவில் வைத்தால் சீலிங்கை உடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவோம். தலைக்கு மேல் ஒரு முழம் தள்ளிக் கூரைப் பலகை. தண்ணீர் அதில் சடசடவென்று விழுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதற்கு நடுவே வேறு ஒரு சத்தம், சிம்னி பக்கத்திலிருந்து, கனமான ஷூ போட்ட ஆள் நிதானமாக நடக்கிற சத்தம்.

அப்பாடா, வந்துவிட்டார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

"அண்ணே, கேக்குதா?" என்று கத்தினேன்.

பலகையில் டொக் என்று ஒரு தட்டு.

எனக்கு ஒரே தெம்பு. "அங்க இல்ல அண்ணே, இந்தப் பக்கம் வாங்க, குழந்தை ரூமுக்கு மேல" என்றேன். காலடி திரும்பியது. நான் சட்டத்தில் தவழ்ந்து முன்னால் போக, அது என் தலைக்கு மேலேயே கூட வந்தது. "வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம்" என்று வண்டி ரிவர்ஸ் எடுக்க வழி காட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன், அதுவும் வந்தது. கறை இருக்கிற இடத்துக்கு மேலே வந்ததும் பலகையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. "இதான் அண்ணே! அங்கயே நில்லுங்க!" என்றேன். நின்றது.

சட்டைப் பையில் போன் அடித்தது. ரஃபீக் அண்ணன்.

"சாரி தம்பி, ரூட் ஒன்ல ஏதோ ஆக்சிடெண்ட், அரை மணி நேரமா அசையவே இல்ல. நீங்க ஆரம்பிச்சிராதீங்க."

டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பலகை கீழ்நோக்கி வளைவது தெரிந்தது. ஒரு ஆள் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி நிற்பானே, அப்படி, முதலில் இடது பக்கம் வளைந்தது, பிறகு வலது பக்கம்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது, முழங்கைத் தோலெல்லாம் போயிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். இனியா விழித்திருந்தாள். அழவில்லை. சீலிங்கைப் பார்த்து, தூக்கச் சொல்லி எங்களிடம் நீட்டுகிற மாதிரி இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டிருந்தாள். அள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். மலர் ஹோஸோடு நின்றாள். ஏணி இல்லை, கூரையில் ஆள் இல்லை.

"மேல யாரு?"

"மேல யாரு இருக்கா? நான்தான் நிக்கிறேன் இங்க. ஏங்க, எதுக்கு அவள இப்படித் தூக்கிட்டு வர்றீங்க, குளுருதுல்ல!"

அவள் பேசி முடிப்பதற்குள் உள்ளே மூட்டை விழுந்த மாதிரி சத்தம். ஓடிப் பார்த்தோம். சீலிங் பலகை ஈரத்தோடு பெயர்ந்து, தொட்டிலுக்குள் முழுசாகக் கிடந்தது.

ரஃபீக் அண்ணன் வந்து அதைப் பார்த்தார். "என்ன தம்பி, நான் வர்றதுக்குள்ள வீட்ட பாதி இடிச்சிட்டீங்க" என்று சிரித்தவர், நான் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏணி போட்டு ஏறினார். இறங்கி வந்து, "நீங்களே பாத்துருங்க" என்றார்.

ஏறிப் பார்த்தேன். கூரை முழுக்க ஓக் மர இலைகள் நனைந்து ஒட்டிக் கிடந்தன. அவற்றின் மேல் ஷூ தடம். சிம்னிக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, நான் "வாங்க" என்று சொன்ன வழியிலேயே வந்து, குழந்தை அறைக்கு மேலே இரண்டு பாதமும் ஒட்டி நின்று முடிகிறது. ஓரத்திலிருந்து ஏறி வந்த தடம் இல்லை. திரும்பிப் போன தடமும் இல்லை.

"உங்க புள்ளைய அதுதான் காப்பாத்துச்சு தம்பி, நல்லதுனு நினைச்சுக்கங்க" என்றார் அண்ணன். இருக்கலாம். சீலிங்கை உடைத்துக்கொண்டு அது உள்ளே இறங்கியதாகவும் இருக்கலாம். கூப்பிட்டவன் நான், அதனால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. இன்றைக்கும் காலிங் பெல் அடித்தால் ஆளைக் கண்ணால் பார்க்காமல் என் வாயில் "வாங்க" வருவதில்லை, மலரின் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தபோது கதவைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன், மாமனாருக்கு அதில் இன்னும் வருத்தம்.

ரூஃபர் வந்தார். நாலைந்து பலகை மாற்றினால் போதும், மிச்சக் கூரை இன்னும் பத்து வருஷம் தாங்கும் என்றார். மலர் அவரை முடிக்க விடவில்லை. கடைசிப் பலகை வரை பிரித்து இறக்குங்கள், குளிருக்காக அட்டிக்கில் பரப்பியிருக்கிற பஞ்சையும் வாரி எடுங்கள், ஒன்றும் மிச்சம் வைக்காதீர்கள் என்றாள். தேவையில்லாத செலவு என்று அவரே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தடம் முடிகிற இடத்திலிருந்து அது எங்கே போனது என்று தெரியாத வீட்டில் குழந்தையை எப்படித் தூங்க வைப்பது என்று அவரிடம் நாங்கள் கேட்க முடியுமா? இன்ஷூரன்ஸ் ஒன்றும் தரவில்லை. மொத்தம் பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.