பின்கதவு மட்டும்

மூன்று வயது வரைக்கும் என் மகள் எந்த வண்டியில் ஏறினாலும் வாந்தி எடுத்தாள். கொடைக்கானலில் குடியிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வத்தலக்குண்டுக்கு இறங்குவதென்றால் கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை, தோளில் மாற்றுத்துணி. முகம் வெளுக்கிறதா என்று வழி முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் சென்னையிலிருந்து வரும் ஒரு தமிழ்க் கார் மாத இதழுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினேன் என்பதைவிட, ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கினேன் என்பது சரி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகள் தூங்கும் நேரத்தில் எழுதி, பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பிவிட்டு வருவேன். கட்டுரையின் கீழே ‘நமது நிருபர்’ என்று போடுவார்கள். அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. தப்பு வந்தால் யாரும் என்னைத் தேடி வரமாட்டார்கள்.

ஒரு கம்பெனி தன் புதுக் காரைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்ட கொடைக்கானலுக்கே கொண்டுவந்தது. இதழின் ஆசிரியர் போன் செய்தார். "ஏம்மா, ஒங்க ஊருக்குத்தானே வர்றாங்க. போயிட்டு வந்து ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குப் பூண்டு பிடுங்க மலைக்கிராமமான கவுஞ்சிக்குப் போய்விட்டார். என் கணவருக்குப் பள்ளியில் பரீட்சை வேலை. வேறு வழியில்லாமல் மகளையும் தூக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் பையோடு அவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனேன்.

கம்பெனியின் விளம்பர அதிகாரி சாவியை நீட்டினார். ஓட்டத் தெரியாது என்றேன்.

"கார் மேகசின்ல எழுதுறீங்க, ஓட்டத் தெரியாதா மேடம்?"

சிரித்து மழுப்பினேன். அவரே ஓட்டினார். பின்சீட்டில் நானும் மகளும், கம்பெனியிலிருந்து வந்திருந்த ஒரு இளம்பெண்ணும். பூம்பாறை சாலையில் முதல் வளைவு வந்ததும் பையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, மாடு" என்றாள் மகள். கொஞ்ச தூரம் போனதும், "அம்மா, கேரட்டு கழுவுறாங்க." பூம்பாறை வந்துவிட்டது. பை காலியாகவே இருந்தது.

அப்போதுதான் கதவைக் கவனித்தேன். மற்ற கார்களில் பின்பக்கம் போகப் போக ஜன்னலின் கீழ்விளிம்பு மேலே ஏறும். உள்ளே உட்காரும் குழந்தைக்குக் கதவின் உள்பக்கம்தான் தெரியும். இதில் விளிம்பு தாழ்ந்து இறங்கியிருந்தது. என் மகளின் தாடை அந்த விளிம்புக்கு மேலே இருந்தது.

"இவளுக்கு எப்பவும் வாந்தி வரும். இன்னைக்கு வரல" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "வெளிய தெரிஞ்சா வராதுங்க. சின்னதுல எனக்கும் அப்படித்தான். வால்பாறை போறப்ப எங்கம்மா என்னை மடியிலயே வச்சுக்குவாங்க."

"அப்ப இது நீங்க வரைஞ்சதா?"

பதில் முன்சீட்டிலிருந்து வந்தது. "அது டீம் வொர்க் மேடம். தனித்தனியா பேர் நாங்க குடுக்கறதில்ல."

பத்திரிகைகளுக்கென்று அவர்கள் கொடுத்திருந்த செய்தித் தாளில் வடிவமைப்புத் துறைத் தலைவரின் பெயர் மட்டும் இருந்தது. அப்படிப்பட்ட தாள்களை எத்தனையோ முறை நான் தமிழாக்கியிருக்கிறேன். காரின் உடம்பை ஒருவர் வரைவார், உள்ளே இருப்பதை இன்னொருவர் வரைவார், நிறத்துக்கு வேறொருவர் என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் எந்தக் கார் இதழும் போடுவது ஒரே பெயர்தான்.

பூம்பாறையில் அதிகாரி, அந்த ஊரின் பேர்போன பூண்டை வாங்க இறங்கினார். "பூம்பாறைப் பூண்டுதானே?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"கவுஞ்சிப் பூண்டுங்க. பூம்பாறைன்னு சொல்லித்தான் விக்கிறது. ஒங்களுக்கு எந்தப் பேர்ல வேணும்?" என்றார் விற்றவர்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தணித்துப் பேசினார். கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாம், அதனால் இவர் வேலையை விடப்போகிறாராம். "வரைஞ்சது எதையும் வெளிய கொண்டுபோக விடமாட்டாங்க. வேற எடத்துல வேலை கேட்டா என்னத்தக் காட்டறது? அச்சுல ஒரு வரி வந்தாப் போதுங்க. ஆனா பின்கதவு மட்டும்னு போடுங்க. வெளி உடம்பு ஒருத்தர், சீட்டு ஒருத்தர். அவங்க பேரையும் போட்டுருங்க." பெயர்களைச் சொன்னார். தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை. அன்று அவர் அனுமதித்தது கார்க் கட்டுரைக்கு. இதற்கு நான் கேட்கவில்லை.

திரும்பும்போது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்தால்? உண்மையாக இருந்து, எழுதுவதால் அவருக்குக் கெடுதல் வந்தால்? கடைசியில் அதிகாரியிடமே கேட்டுவிட்டேன். "பின்கதவை இவங்க வரைஞ்சாங்கன்னு எழுதினா தப்பா வருமா சார்?"

"தப்பு இல்ல, உண்மைதான். எனக்குத்தான் மேலேருந்து ஒரு போன் வரும்." வளைவில் ஹார்ன் அடித்து வண்டியைத் திருப்பினார். "வரட்டும். நான் சொன்னேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

மூன்று பெயர்களையும் அவரவர் வேலையோடு சேர்த்து எழுதி அனுப்பினேன். சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று மறுநாளும் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன்.

இதழ் வந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றபடியே பிரித்தேன். பக்கம் முழுக்கத் தலைப்பு: ‘இந்தக் காரை வடிவமைத்தவர் நம் தமிழ்ப்பெண்’. உள்ளே கதவுமில்லை, மற்ற இருவருமில்லை. முழுக் காரையும் அவர் ஒருவரே வரைந்ததாக மாற்றியிருந்தார்கள். கீழே ‘நமது நிருபர்’.

ஆசிரியரை அழைத்தேன். "அவங்க கதவு மட்டுந்தான் சார் வரைஞ்சாங்க."

"கதவுன்னு தலைப்பு வச்சா யாரும்மா படிப்பா? நம்ம பொண்ணு, சந்தோஷப்படுவாங்க."

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்ய இரண்டு நாள் தயங்கினேன். செய்தபோது, "பாத்தேங்க" என்றார். "எங்கப்பா கடை கடையாக் கொண்டுபோய்க் காட்டறாங்க. ஆனா வேலை கேக்கற எடத்துல இதைக் காட்ட முடியாதுங்க. ஒருத்தரா முழுக் காரையும் வரைய முடியாதுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். மத்த ரெண்டு பேரும் என்கூட உக்காந்து சாப்பிடறவங்க. இப்பப் பேசறதில்ல."

திருத்தம் போடச் சொல்லி மறுபடியும் ஆசிரியரைக் கேட்டேன்.

"திருத்தம் நாம போடறதே இல்லம்மா. வாசகர் கடிதம்னா போடறேன். பேரும் ஊரும் வேணும், சொல்லிட்டேன்."

கணவரிடம் சொன்னேன். "நீயே எழுதி, அது தப்புன்னு நீயே கடுதாசி போடுவியா? நல்ல சோலிதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்குப் பிறகு இதழாசிரியர் எனக்கு எழுத ஏதாவது தருவாரா, பள்ளியில் யாராவது படித்துவிட்டு இவரிடம் ஏதாவது கேட்பார்களா என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் பார்த்தேன். துடைத்துவிட்டு, சமையலறையிலேயே உட்கார்ந்து எழுதினேன். யார் எதை வரைந்தார் என்பதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

அடுத்த இதழில், மைலேஜ் பற்றி ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குக் கீழே, சின்ன எழுத்தில் என் கடிதம் இருந்தது. பின்கதவு இவர், வெளி உடம்பு இவர், சீட்டு இவர். அடியில் என் பெயர், கொடைக்கானல். அந்த இதழில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண்ணே அழைத்தார். "கட்டுரையையும் ஒங்க கடிதத்தையும் வெட்டி ஒரே தாள்ல ஒட்டிட்டேங்க. இதைத் தைரியமாக் காட்டலாம்."

"அவங்க ரெண்டு பேரும் பேசுறாங்களா?"

"வெளி உடம்பு வரைஞ்சவர் பேசிட்டார். சீட்டு வரைஞ்சவர்தான் இன்னும் பேசல... அதை அவர் மட்டும் வரையலையாம். கூட இன்னொருத்தரும் இருந்தாராம். கூட இருந்தவர் பேரு வரலைன்னு இவர் வருத்தப்படறார்."

மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் என்ன சொல்வார் என்பது இங்கிருந்தே எனக்குக் கேட்டது.

"இருங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினேன். "அவர் பேரச் சொல்லுங்க."