தையில் பார்த்த வீடு

மயிலாடுதுறையில் காலை ரயிலேறும்போது என் பையில் இரண்டு முகக்கவசம், ஒரு தைல டப்பா, ஓர் எலுமிச்சம்பழம் இருந்தன. போருக்குப் போகிறவன் இவ்வளவு ஆயுதம் எடுத்திருக்க மாட்டான்.

திருச்செங்கோட்டுப் பக்கம், தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, அதை ஒட்டிய ஒரு தெருவில் என் மகள் கயல்விழி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை போர்வெல் லாரியோடு வடக்கே போயிருக்கிறார். அவளுக்கு இது ஏழாம் மாதம்; பிரசவத்துக்கு அழைத்துவரக் கிளம்பினேன். இரண்டு வாரமாகப் போனில் இருமுகிறாள். கேட்டால், “தூசிப்பா” என்பாள். தெருப் பெயரை எழுத வேண்டாமென்று சம்பந்தி கேட்டுக்கொண்டார். காரணம் பின்னால் வரும்.

நாமக்கல்லில் இறங்கியதுமே ஒரு நாற்றம். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, “கேஸ் கசியுதா?” என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். அவர் எதிரே நின்ற கோழி லாரியைக் காட்டினார். திருச்செங்கோட்டுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் இருபத்தெட்டு ரூபாய். அங்கிருந்து ஆட்டோ, பேரம் பேசி நூற்றெண்பது. வழியில் ஒரு களம் முழுக்க வெள்ளைத் தூள் பரந்து கிடந்தது. இரண்டாவது முகக்கவசத்தையும் மாட்டினேன்.

“என்னங்க அது, ரசாயனமா?”

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “ஜவ்வரிசி காயுதுங்க. உங்கூருல பாயாசத்துக்குப் போடறதில்லீங்களா?”

தெருமுனையிலேயே இறக்கிவிட்டார். “உள்ள வரலீங்க. அஞ்சு மணிக்கு மேல இங்க நிக்கமாட்டேன்” என்று வண்டியைத் திருப்பிவிட்டார். இதற்குத்தான் நான் பயந்திருக்க வேண்டும். நூற்றெண்பது ரூபாய்க்கு இருநூறு கொடுத்துச் சில்லறை வாங்க மறந்ததைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

வீடு நான் பார்த்த வீடுதான். போன வருஷம் தை மாதம், பெண் கொடுக்குமுன் வந்து பார்த்தோம். நல்ல வெளிச்சம், நல்ல காற்று என்று நானே நற்சான்றிதழ் கொடுத்தேன். இப்போது ஆனிக் கடைசி.

“வாங்க சம்பந்தி. மொதல்ல அந்த மூடாக்க கழட்டுங்க, காப்பி குடிக்கோணுமில்ல” என்றார் சம்பந்தி. கழற்றினேன். கோழி லாரிக் கதையைச் சொன்னேன். சம்பந்தியம்மா சிரித்தார். கயல் சிரித்து, இருமினாள்.

ஜவ்வரிசிக் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கோயிலின் கொடி கிழக்கே விறைத்துப் பறந்தது. நான் கவனிக்கவில்லை. சம்பந்தியம்மா எழுந்தார். வெளியே காய்ந்த துணிகள் உள்ளே வந்தன, மாவுச் சட்டியை மூடினார்கள், கதவுகள் சாத்தப்பட்டன. தெரு முழுக்க அதே சத்தம், வரிசையாக. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கயல் ஈரத்துண்டைக் கதவடியில் காலால் தள்ளினாள். ஒரு கையால் முந்தானையை மூக்கில் வைத்து, மறு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். நாள்பட்ட பழக்கம்.

அப்புறம்தான் எனக்குத் தொண்டையில் மிளகாய் வற்றலைக் கருக்கியதுபோல் வந்தது. கண்ணில் நீர். வழியெல்லாம் பயந்தவன், நிஜமாகவே புகை வந்த நேரத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். முகக்கவசம் இரண்டும் வாசல் ஆணியில் தொங்கின.

“பேட்டைப் புகைதானுங்க. ஒரு மணி நேரமுங்க, அடங்கீரும்” என்றார் சம்பந்தி.

“தையில வந்தப்ப இது இல்லையே?”

சம்பந்தியம்மாதான் சொன்னார்: “தையில காத்து அக்கட்டால, பேட்டைப் பக்கமாப் போயிருமுங்க. இந்தத் தெருவுல எந்தப் பொண்ணூட்டுக்காரங்க ஊடு பாக்க வந்தாலும் தையிலதான் கூப்புடுவோம்.”

“நெசத்தச் சொன்னா எவன் பொண்ணு குடுப்பான், சொல்லுங்க?” என்றார் சம்பந்தி.

“அதிகாரிங்ககிட்ட சொல்லலையா?”

“சொன்னோமுங்க. பொட்டியோட வந்து காத்த அளந்தாங்க. அவங்களும் தையிலதான் வந்தாங்க.”

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. கயலிடம் கேட்டேன்: “நீ ஏம்மா சொல்லல?”

“சொன்னா நீங்க தூங்கமாட்டீங்கப்பா.”

மறுநாள் காலை கிளம்பும்போது காற்று சுத்தமாக இருந்தது. நேற்று நடந்ததை நானே கற்பனை செய்தேனோ என்றிருந்தது. வாசலில் சம்பந்தியம்மா கயலின் தலையை வருடினார். “புரட்டாசி பொறந்தா ஒத்த உசுரு ரெண்டாயிரும். அஞ்சாம் மாசம் தை வந்துரும், சம்பந்தி. தாயையும் புள்ளையையும் அப்பக் கொண்டாந்து உடுங்க. காத்து நல்லாருக்கும்.”

“அடுத்த ஆனியில?” என்றேன்.

அவர் கோயில் கொடியைப் பார்த்தார். அது அசையாமல் தொங்கியது.

மாலை வீடு சேர்ந்தோம். எங்கள் ஊரில் கொசு உண்டு, சாக்கடை உண்டு, பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் ஜன்னல் எந்நேரமும் திறந்தே கிடக்கும். கயல் கொல்லையில் காயும் புடவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்தபடி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

நான் போய்த் திறந்தேன். “திறந்தே இருக்கட்டும்மா.”

“எத்தன நாளைக்குப்பா?” என்றாள்.